பழைய அமெரிக்க நாணயங்களைச் சல்லிசாக வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊர் நாணயச் சங்கத்துக்கு மாதம் ஒருவராவது புதிதாக வருகிறார். வந்ததும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எங்கே மலிவாகக் கிடைக்கும்?" நானும் அமெரிக்காவுக்கு வந்த புதிதில் இதையே கேட்டேன். கேள்வி தப்பில்லை, ஆனால் அது ஏழாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன் செய்ய வேண்டிய ஆறு வேலைகளைச் செய்யாமல் கடைக்குப் போனால், மலிவான காசு கண்முன்னே கிடந்தாலும் தெரியாது. கழுவிய காசும் போலிக் காசும்தான் மலிவாகத் தெரியும்.

விற்பவர் கவனிக்காமல் விட்ட ஒன்றை நாம் கவனித்தால் மட்டுமே சல்லிசு கிடைக்கும். அப்படிக் கவனிக்கப் பழகும் வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். படிகளை மாற்றிப் போடாதீர்கள்.

1. ஒரே ஒரு வரிசையைத் தேர்ந்தெடுங்கள்

பென்னி முதல் தங்கக் காசு வரை எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தேடாதீர்கள். ஒரு கடைக்காரர் பத்தாயிரம் விதமான காசுகளைக் கையாள்கிறார். எல்லாவற்றிலும் அவரை மிஞ்ச முடியாது. ஒரு வரிசையில் மட்டும் ஆறே மாதத்தில் மிஞ்சிவிடலாம்.

புதியவர்களுக்கு நான் சொல்வது 1916 முதல் 1945 வரை வந்த மெர்குரி டைம் (டைம் என்றால் பத்து சென்ட் காசு), அல்லது 1916 முதல் 1947 வரை வந்த வாக்கிங் லிபர்ட்டி அரை டாலர். இரண்டும் 90 சதவீத வெள்ளி. பெரும்பாலான ஆண்டுகள் வெள்ளி விலையை ஒட்டியே கிடைக்கும். தப்பாக வாங்கினாலும் முழுப் பணமும் போகாது. கையில் காசு குறைவு என்றால் 1909 முதல் 1958 வரை வந்த கோதுமைக்கதிர் லிங்கன் சென்ட்டில் தொடங்கலாம்.

எல்லோரும் ஆசைப்படுவது மோர்கன் வெள்ளி டாலர் மேல். அழகான காசுதான். ஆனால் அதில் போலிகள் அதிகம், விற்பவர்களும் அதை மட்டும் விவரமாகப் பார்ப்பார்கள். இரண்டாவது வருடம் அங்கே போகலாம்.

2. மின்ட் குறி எங்கே இருக்கும் என்று மனப்பாடம் செய்யுங்கள்

காசு எந்த நாணயச்சாலையில் அடிக்கப்பட்டது என்று சொல்லும் சின்ன எழுத்துதான் மின்ட் குறி. டென்வருக்கு டி, சான் பிரான்சிஸ்கோவுக்கு எஸ், நியூ ஆர்லியன்ஸுக்கு ஓ, கார்சன் சிட்டிக்கு சிசி. பிலடெல்பியாவில் அடித்த பழைய காசில் பெரும்பாலும் குறி இருக்காது.

முக்கால்வாசி சல்லிசு இந்த ஒற்றை எழுத்தில் இருக்கிறது. வீட்டுச் சாமான்களோடு காசு விற்பவர்கள் ஆண்டை மட்டும் பார்த்து விலை போடுவார்கள். ஆண்டு தலைப் பக்கம் இருக்கும். குறி பல வரிசைகளில் பின்பக்கம் இருக்கும். திருப்பிப் பார்ப்பவருக்குத்தான் அது கிடைக்கும்.

மெர்குரி டைமில் பின்பக்கம், "ஒன்" என்ற சொல்லை அடுத்து, கீழே. மோர்கன் டாலரில் பின்பக்கம், மலர்வளைய முடிச்சுக்குக் கீழே. எருமை நிக்கலில் (நிக்கல் என்றால் ஐந்து சென்ட் காசு) "ஃபைவ் சென்ட்ஸ்" என்ற எழுத்துக்கு அடியில். லிங்கன் சென்ட்டில் மட்டும் முன்பக்கம், ஆண்டுக்குக் கீழே. வாக்கிங் லிபர்ட்டியில் பின்பக்கம் இடது ஓரத்தில் கீழே; ஆனால் 1916-லும் 1917-இல் ஒரு பகுதியிலும் முன்பக்கம் இருக்கும். 1917 காசை இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

3. அரிய ஆண்டுகளைவிட, அரைகுறையாக அரியவற்றைப் படியுங்கள்

மெர்குரி டைமில் 1916 டி என்றால் சும்மா பழைய காசு விற்பவருக்கும் தெரியும். அடிக்கப்பட்டதே 2,64,000 தான். அது மலிவாகக் கிடைத்தால் முதலில் சந்தேகம்தான் வர வேண்டும்.

நான் தேடச் சொல்வது அதற்கு அடுத்த படியில் இருப்பவற்றை. அதே வரிசையில் 1921-ஆம் ஆண்டுக் காசு 12,30,000, 1921 டி 10,80,000, 1926 எஸ் 15,20,000. பத்து லட்சம் என்பது பெரிய எண்ணாகத் தெரியலாம். சாதாரண ஆண்டுகளில் கோடிக்கணக்கில் அடித்திருக்கிறார்கள் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த 1926 எஸ் தேய்ந்த நிலையில் வெள்ளி விலைக்கு விற்கும் பெட்டிக்குள் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

வாக்கிங் லிபர்ட்டியில் 1921, 1921 டி எல்லோரும் அறிந்தவை. 1938 டி-யை எடுத்துக்கொள்ளுங்கள். அடித்தது 4,91,600 தான். ஆனால் முப்பதுகளின் பிற்பகுதியில் வந்த காசு என்பதால் சாதாரணம் என்று நினைத்துத் தள்ளிவிடுவார்கள். தேட வேண்டியது இந்த மாதிரிக் காசைத்தான்: பார்த்தால் சாதாரணம், எண்ணிக்கையில் அரிது.

இவற்றை ஒரு சின்ன அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். கடையில் நின்றுகொண்டு கைப்பேசியில் தேடினால் கடைக்காரரும் கவனிப்பார்.

4. கிரேடு பார்க்கப் பழகுங்கள்

இந்தப் படியில் ஒரு மாதமாவது உட்காருங்கள். இதைத் தாண்டிப் போனவர்கள்தான் அதிகமாகப் பணத்தை விட்டிருக்கிறார்கள்.

அமெரிக்க நாணயங்களின் நிலையை 1 முதல் 70 வரை எண்ணால் சொல்வார்கள். 60-உம் அதற்கு மேலும் என்றால் புழக்கத்துக்கே போகாதது. அதற்குக் கீழே தேய்மானத்தின் அளவு. காகிதத்தில் எளிது. ஆனால் 58-க்கும் 62-க்கும் நடுவே சில காசுகளில் விலை தலைகீழாக மாறும். 1884 எஸ் மோர்கன் டாலர் நன்றாகத் தேய்ந்திருந்தால் சாதாரண டாலர் விலைதான். அதே காசு புழங்காத நிலையில் இருந்தால் பல ஆயிரம் டாலர். 58-க்கும் 62-க்கும் நடுவில் நிற்பது முடியிலும் கழுகின் மார்பிலும் இருக்கும் மெல்லிய தேய்மானம் மட்டும்தான்.

பழகும் முறை இது. காசுகளைச் சோதித்துக் கிரேடு போடும் பிசிஜிஎஸ் நிறுவனத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு கிரேடுக்கும் படங்கள் இலவசமாக இருக்கின்றன. அவற்றைப் பார்த்து உங்கள் வரிசையில் முதலில் தேயும் இடங்களைக் கண்டுபிடியுங்கள். மெர்குரி டைமில் பின்பக்கத் தடிக்கட்டின் நடுவே இருக்கும் பட்டைகள். வாக்கிங் லிபர்ட்டியில் பெண்ணின் இடது கையும் ஆடையின் மடிப்புக் கோடுகளும். மோர்கனில் காதுக்கு மேலே இருக்கும் முடி.

அப்புறம் ஏலத் தளங்களில் கிரேடு எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தைப் பார்த்து நீங்களே ஒரு எண் சொல்லுங்கள். பிறகு கையை எடுத்துச் சரிபாருங்கள். இருநூறு காசு இப்படிப் பார்த்தால் கண் திருந்திவிடும்.

புதியவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. அச்சு சரியாகப் பதியாததைத் தேய்மானம் என்று நினைப்பது. நியூ ஆர்லியன்ஸில் அடித்த பல மோர்கன் டாலர்களில் காதுக்கு மேல் முடி தட்டையாக இருக்கும், ஆனால் காசு புழங்கியதே இல்லை. வேறுபாட்டைச் சொல்வது பளபளப்பு. தேய்ந்த இடம் மங்கியிருக்கும். பதியாத இடத்தில் ஒளி தொடர்ந்து ஓடும். நல்ல அச்சு எப்படி இருக்கும் என்று பார்க்க 1881 எஸ் மோர்கன் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிறையக் கிடைக்கும், கூர்மையாக அடிக்கப்பட்டது. மற்ற டாலர்களை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

5. கருவிகளை வாங்குங்கள்

0.01 கிராம் வரை காட்டும் சின்ன மின்தராசு. பத்து மடங்கு லென்ஸ். வலுவான நியோடிமியம் காந்தம் ஒன்று. ஒற்றை பல்ப் உள்ள மேசை விளக்கு. இவ்வளவுதான். குழல்விளக்கின் பரவிய வெளிச்சத்தில் கீறல்கள் மறைந்துவிடும் என்பதால்தான் ஒற்றை பல்ப் என்கிறேன்.

எல்லாம் சேர்த்து ஒரு நல்ல மோர்கன் டாலர் விலைகூட ஆகாது. கருவி வாங்கும் முன் காசு வாங்காதீர்கள்.

6. தரைவிலையையும் உச்சவிலையையும் எழுதிக்கொள்ளுங்கள்

தரைவிலை என்பது உருக்கினால் கிடைக்கும் வெள்ளியின் மதிப்பு. 1964 வரை வந்த டைம், குவார்ட்டர் (கால் டாலர்), அரை டாலர் எல்லாம் 90 சதவீத வெள்ளி. மோர்கன் டாலரும் பீஸ் டாலரும் அதேதான்.

சுத்த வெள்ளியின் எடை, ட்ராய் அவுன்ஸில்: டைமில் 0.0723, குவார்ட்டரில் 0.1808, அரை டாலரில் 0.3617, வெள்ளி டாலரில் 0.7734. அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் தரைவிலை வரும். வெள்ளி அவுன்ஸ் 40 டாலர் என்று வைத்துக்கொண்டால் அரை டாலருக்குச் சுமார் 14.50, வெள்ளி டாலருக்குச் சுமார் 31. தேய்ந்த காசுகளில் கொஞ்சம் குறையும். அதனால் வியாபாரிகள் ஒரு டாலர் முகமதிப்புக்கு 0.715 அவுன்ஸ் என்று கணக்குப் போடுவார்கள்.

இரண்டு விதிவிலக்குகளை மறக்க வேண்டாம். 1965 முதல் 1970 வரை வந்த கென்னடி அரை டாலரில் வெள்ளி 40 சதவீதம்தான், 0.148 அவுன்ஸ். அதை 90 சதவீத வெள்ளியின் விலைக்கு வாங்கிவிட்டு ஏமாந்தவர்கள் எங்கள் சங்கத்திலேயே நாலு பேர். மறுபக்கம், 1942 முதல் 1945 வரை வந்த போர்க்கால நிக்கலில் 35 சதவீத வெள்ளி உண்டு. பின்பக்கக் கட்டடத்தின் கூரைக்கு மேல் பெரிய எழுத்து இருந்தால் அது வெள்ளி நிக்கல். கறுத்துப்போய் அழுக்காகத் தெரிவதால் பலர் கவனிப்பதில்லை.

உச்சவிலை என்பது நீங்கள் கொடுக்கத் தயாராக இருக்கும் அதிகபட்சம். இதைக் காசைப் பார்க்கும் முன்னாலேயே எழுதிவிட வேண்டும். காசு கையில் வந்த பிறகு ஆசைதான் விலை போடும்.

எப்படிக் கணிப்பது? விலைப் புத்தகத்தில் அச்சிட்ட விலையை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் கடைக்காரர் கேட்கும் விலை, அதுவும் அச்சாகும்போது பழையதாகிவிடும். ஈபேயில் "விற்று முடிந்தவை" என்ற வடிகட்டியைப் போட்டு, உண்மையில் கைமாறிய விலையைப் பாருங்கள். ஹெரிட்டேஜ் போன்ற ஏல நிறுவனங்கள் பழைய ஏல முடிவுகளைத் தளத்தில் வைத்திருக்கின்றன. வியாபாரிகள் ஒருவருக்கொருவர் கொடுக்கும் மொத்த விலைக்குக் கிரேஷீட் என்ற பட்டியல் உண்டு. ஒரே கிரேடில் கடைசியாக விற்ற ஐந்து காசுகளை எடுங்கள். அதிகமானதையும் குறைவானதையும் விட்டுவிட்டு மீதி மூன்றின் சராசரியைப் பிடியுங்கள். அதில் 20 சதவீதம் கழித்தால் என் உச்சவிலை.

ஏலத்தில் கேட்கும் விலையோடு வாங்குபவர் கட்டணம் என்று ஒன்று சேரும். 20 சதவீதம் என்றால் 200 டாலருக்குக் கேட்ட காசு 240 ஆகிவிடும். தபால் செலவும் சில மாநிலங்களில் விற்பனை வரியும் தனி. இவற்றைக் கூட்டாமல் ஏலம் கேட்பதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கும் தப்பு.

7. இப்போது தேடப் போகலாம்

நாணயக் கடையில் முதலில் கேட்க வேண்டியது வெள்ளி விலைக்கு விற்கும் பெட்டியை. இங்கே அதை "ஜங்க் சில்வர்" என்பார்கள். ஒரே விலைக்கு நீங்களே பொறுக்கிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். தங்கமும் வெள்ளிக்கட்டியும் முக்கியமாக விற்கும் கடைகளில் டைம்களை யாரும் கவனமாகப் பார்ப்பதில்லை. நாணயத்துக்கென்றே இருக்கும் கடையைவிட அங்கே வாய்ப்பு அதிகம்.

நாணயக் கண்காட்சியில் இரண்டு நேரம் நல்லது. திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் நல்ல காசு இருக்கும், விலை இறங்காது. கடைசி நாள் பிற்பகலில் மூட்டை கட்டும் நேரத்தில் விலை இறங்கும், பொறுக்கிய மிச்சம்தான் இருக்கும். நான் காலையில் சுற்றிப் பார்த்து எந்த மேசையில் என்ன என்று குறித்துக்கொண்டு, பிற்பகலில் திரும்பிப் போய்ப் பேசுவேன்.

வங்கியில் ரோல் (காகிதத்தில் சுற்றிய காசுச் சுருள்) வாங்கித் தேடுவதும் உண்டு. முகமதிப்புக்கு வாங்குவதால் நட்டமே கிடையாது, நேரம்தான் போகும். அரை டாலர் ஒரு பெட்டி 500 டாலர், ஆயிரம் காசு. டைம் ஒரு பெட்டி 250 டாலர், 2,500 காசு. ரோலை அடுக்கி விளிம்பைப் பாருங்கள். செம்பு நிறக் கோடு தெரியாத காசு வெள்ளியாக இருக்கலாம். வாங்கிய வங்கியிலேயே திருப்பிக் கட்டாதீர்கள்; வேறு வங்கியில் கணக்கு வைத்துக் கட்டுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பார்த்து முடித்த காசே திரும்ப உங்களிடம் வரும். பல பெட்டிகளில் ஒன்றும் கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைகளில் சில்லறை எண்ணும் இயந்திரம் இருக்குமே, அது ஏற்காத காசு விழும் தட்டையும் எட்டிப் பாருங்கள். வெள்ளிக் காசின் உலோகம் வேறு என்பதால் இயந்திரம் அதைத் துப்பிவிடும். போட்டவர் பலசமயம் எடுக்காமல் போய்விடுவார்.

இறந்தவர் வீட்டுச் சாமான் விற்பனையிலும் உள்ளூர் ஏலத்திலும் கலந்து கட்டிய பெட்டிகள் வரும். முதல் நாளே போய் ஒவ்வொரு காசாகப் பார்க்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். பார்க்க விடாத பெட்டிக்கு வெள்ளி விலைக்கு மேல் ஒரு சென்ட்கூடக் கேட்க வேண்டாம்.

8. காசு கையில் வந்ததும் பார்க்கும் வரிசை

புதியவர்கள் முதலில் ஆண்டைப் பார்க்கிறார்கள். அரிய ஆண்டாக இருந்தால் மனம் ஒட்டிக்கொள்கிறது, அதற்கப்புறம் குறை எதுவும் கண்ணில் படுவதில்லை. அதனால் நான் ஆண்டைக் கடைசியாகப் பார்க்கச் சொல்வேன்.

முதலில் விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள், முகத்தைத் தொடாதீர்கள். காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டினால் பேச்சே இல்லை, கீழே வைத்துவிடலாம். 1943 லிங்கன் சென்ட் மட்டும் உண்மையிலேயே எஃகு, அது ஒட்டும். "1943 செம்பு சென்ட்" என்று யாராவது காட்டினால், அது காந்தத்தில் ஒட்டினால் எஃகின் மேல் செம்பு பூசியது.

அடுத்து எடை. டைம் 2.50 கிராம், குவார்ட்டர் 6.25, அரை டாலர் 12.50, வெள்ளி டாலர் 26.73. தேய்ந்த காசு கொஞ்சம் குறையலாம். கூடினால் சந்தேகம் கொள்ளுங்கள்.

வெள்ளி டாலருக்கு வீட்டில் இன்னொரு சோதனை செய்யலாம். தராசில் தண்ணீர்க் கிண்ணம் வைத்து பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு சுமார் 2.6 கிராம் காட்டினால் 90 சதவீத வெள்ளிக்குச் சரி. 3 கிராமை நெருங்கினால் அது செம்பு நிக்கல் கலவை போன்ற லேசான உலோகம்.

பிறகு மேற்பரப்பு. விளக்கின் கீழ் காசை மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். புழங்காத அசல் காசில் ஒளி வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போலச் சுற்றி வரும். கழுவிய காசில் அது வராது. பாத்திரம் துலக்கியதுபோல ஒரே திசையில் மெல்லிய கோடுகள் தெரியும், அல்லது காசு முழுக்க ஒரேமாதிரி செத்த வெள்ளையாக இருக்கும். எழுத்துகளின் இடுக்கில் மட்டும் கறுப்பு, மற்ற இடம் பளிச் என்றால் நிச்சயம் கழுவியதுதான்.

இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றேன். முதல் வருடம் ஒரு கண்காட்சியில் கண்ணைப் பறிக்கும் வாக்கிங் லிபர்ட்டி ஒன்றை ஆசையோடு வாங்கினேன். விற்கப் போனபோது வியாபாரி லென்ஸைக்கூட எடுக்கவில்லை. சாய்த்துப் பார்த்தார், "கழுவியது" என்றார், கொடுத்ததில் பாதிக்கும் குறைவாகத்தான் கேட்டார். நூறு வருடக் காசு நூறு வருடம் போலத் தெரிய வேண்டும். சாம்பல் பூத்த, கொஞ்சம் இருண்ட, இயல்பான காசைத் தேர்ந்தெடுங்கள்.

கடைசியாக ஆண்டும் குறியும். அரிய காசாக இருந்தால் குறி ஒட்டப்பட்டதா, எண் செதுக்கப்பட்டதா என்று லென்ஸில் பாருங்கள். 1914 டி லிங்கன் சென்ட் நல்ல உதாரணம். 1944 டி-யின் முதல் 4-ஐச் செதுக்கி 1 ஆக்கிவிடுவார்கள். கண்டுபிடிப்பது எளிது. சிற்பியின் முதலெழுத்துகளான விடிபி, லிங்கனின் தோள் ஓரத்தில் 1918-இல்தான் வந்தன. 1914 என்று சொல்லும் காசில் அவை இருந்தால் அது போலி. ஆனால் எழுத்துகள் இல்லை என்பதால் மட்டும் அசல் என்று முடிவு கட்டாதீர்கள், சுரண்டியும் இருக்கலாம். 9-க்கும் அடுத்த 1-க்கும் நடுவே இடைவெளி அதிகமா என்றும் பாருங்கள்.

1916 டி டைம், 1893 எஸ் மோர்கன், 1909 எஸ் விடிபி சென்ட் போன்றவற்றைப் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நம்பகமான நிறுவனங்கள் சோதித்து அடைத்த பெட்டியில் மட்டும் வாங்குங்கள். இந்தப் பெட்டியை ஸ்லாப் என்பார்கள். இந்தக் காசுகளில் சல்லிசு தேடுவது நல்லதில்லை.

9. படத்தைப் பார்த்து வாங்கும்போது

இணையத்தில் தேடும்போது சரியான பெயரில் மட்டும் தேடாதீர்கள். "பாட்டி வைத்திருந்த பழைய டைம்கள்" என்பதுபோல் தலைப்பு வைத்து, வகையை மாற்றிப் போட்டிருப்பவர்களிடம்தான் பார்க்கப்படாத காசு இருக்கும். ஒரே படத்தில் முப்பது காசு பரப்பி வைத்திருந்தால் பெரிதாக்கிப் பின்பக்கம் தெரிபவற்றைப் பாருங்கள்.

மோர்கனுக்குப் போன பிறகு இன்னொரு வகை வேட்டை இருக்கிறது. ஒரே ஆண்டில் வெவ்வேறு அச்சுகளால் வந்த வேறுபாடுகள். கார்சன் சிட்டிக்காகச் செய்த அச்சுகளை நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பி, சிசி-யின் மேல் ஓ அடித்துப் பயன்படுத்தினார்கள். அதனால் 1900 ஓ டாலர்கள் சிலவற்றில் ஓ-வுக்கு அடியில் சிசி-யின் மிச்சம் தெரியும். சாதாரண 1900 ஓ விலையில் பட்டியல் போட்டிருப்பார்கள், மதிப்பு அதைவிட நன்றாகவே கூடுதல். படத்தில் குறி தெளிவாக இல்லாவிட்டால் அந்த இடத்தை மட்டும் இன்னொரு படம் கேளுங்கள், காரணம் சொல்ல வேண்டாம்.

தவிர்க்க வேண்டியவை. "யாரும் பிரிக்காத ரோல்" என்று விற்கும் சுருள். நுனியில் ஓர் அரிய காசைத் தெரியும்படி வைத்திருப்பார்கள். உள்ளே ஒன்றும் இருக்காது, சுற்றியவரே அதை அங்கே வைத்திருப்பார். பெயர் கேள்விப்படாத நிறுவனத்தின் ஸ்லாபில் எம்எஸ் 67 (புழங்காதது, கிரேடு 67) என்று ஒட்டிய காசு. அந்த எண்ணை மறந்துவிட்டு காசை மட்டும் பாருங்கள். பிசிஜிஎஸ், என்ஜிசி ஸ்லாபிலும் போலி வருகிறது. சான்றிதழ் எண்ணை அவர்கள் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் இதே காசுதானா என்று ஒப்பிடுங்கள். எண் மட்டும் பொருந்தினால் போதாது, அசல் எண்ணைத் திருடிப் போலி ஸ்லாப் செய்கிறார்கள்.

திருப்பி எடுத்துக்கொள்ளாதவரிடம் ஸ்லாப் இல்லாத காசை வாங்க வேண்டாம்.

10. பேரம்

கடைக்காரர் முன்னால் காசைக் குறை சொல்லாதீர்கள். நம் ஊர்ச் சந்தையில் எடுபடும் அந்த உத்தி இங்கே எடுபடாது. பழைய சேகரிப்பாளர்களும் வியாபாரிகளும் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்கிறார்கள். "இதற்கு உங்களால் கொடுக்க முடிந்த நல்ல விலை என்ன?" என்று ஒரு தடவை கேளுங்கள். சொன்ன விலை நீங்கள் எழுதிவைத்த உச்சவிலைக்குள் இருந்தால் வாங்குங்கள். மேலே என்றால் நன்றி சொல்லி வையுங்கள்.

மூன்று நாலு காசைச் சேர்த்துக் கேட்டால் இறங்குவார்கள். கையில் ரொக்கம் இருந்தால் இன்னும் சுலபம். நீங்கள் கண்டுபிடித்த அரிய காசையும் அந்தக் கூட்டத்தோடு சேர்த்தே வையுங்கள்.

அரிதானது என்று விற்பவரிடம் சொல்ல வேண்டுமா என்று புதியவர்கள் கேட்பார்கள். வியாபாரி என்றால் தேவையில்லை என்பது என் கருத்து. அது அவர் தொழில், பார்க்க அவருக்கும் நேரம் இருந்தது. ஆனால் கணவர் இறந்தபின் அவர் வைத்திருந்த காசுகளை விற்கும் ஒரு பாட்டியிடம் சொல்லாமல் வாங்கக் கூடாது. நான் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை அவர் காசை விற்கவேயில்லை, இன்னொரு தடவை நியாயமான விலைக்கு எனக்கே கொடுத்து, மீதிப் பெட்டியையும் என்னையே பார்க்கச் சொன்னார்.

11. ஸ்லாப் போட அனுப்புவதா?

பெரும்பாலும் வேண்டாம். கட்டணம், போகவர தபால், காப்பீடு எல்லாம் சேர்த்தால் சாதாரணக் காசின் விலையையே தாண்டிவிடும். ஸ்லாப் போட்டபின் கூடும் மதிப்பு மொத்தச் செலவைப் போல் மூன்று மடங்காவது இருந்தால் அனுப்புங்கள். கழுவிய காசுக்கு எண் கிடைக்காது, "டீடெய்ல்ஸ்" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். கட்டணம் திரும்ப வராது.

12. வாங்கியதை வைத்துக்கொள்ளும் முறை

மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறைகளில் வந்த காசை அன்றே வெளியே எடுங்கள். சில வருடங்களில் அது பச்சைப் பிசினாகக் கசிந்து காசைத் தின்னும். மைலார் உறை அல்லது அட்டைச் சட்டம் போதும்.

பிசின் ஏற்கெனவே படிந்திருந்தால் சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து எடுக்கலாம். கண்ணாடிக் கிண்ணத்தில்தான், ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்புக்குத் தள்ளி. தேய்க்காதீர்கள், துணியால் துடைக்காதீர்கள், தானே உலரவிடுங்கள். புளி, எலுமிச்சை, பல்பொடி எதையும் காசின் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். ஊரில் வெள்ளி விளக்கைப் பளபளக்க வைக்கும் அதே கை இங்கே ஐந்து நிமிடத்தில் பாதி விலையை அழித்துவிடும்.

ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, எங்கே வாங்கியது, என்ன விலை, நீங்கள் போட்ட கிரேடு, எடை. விற்ற பிறகு கிடைத்த விலையையும் அதே வரியில் எழுதுங்கள். ஆறு மாதத்தில் உங்கள் கிரேடு எங்கே ஒரு படி கூடப் போகிறது, எந்தக் கடைப் பெட்டியில் அதிகம் கிடைக்கிறது என்று அந்த வரிகளிலேயே தெரியும். அடுத்த சனிக்கிழமை அந்தக் கடைக்கே முதலில் போங்கள்.